கிரேக்கக் கல்யாணத்தில் ஆட வேண்டும்: கலமாத்தியானோஸ் அடி பழகுவது எப்படி?

நிலாமுகில்

எல்லோருக்கும் வணக்கம். ஏதென்ஸுக்கு வேலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. கூட வேலை செய்யும் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கலமாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். "நீ கட்டாயம் ஆட வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் என் பாட்டி வருத்தப்படுவாள்" என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் வேறொரு விருந்தில் ஆட முயன்றேன். எல்லோரும் கைகோத்து வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் இருந்த இரண்டு பேரின் கையைப் பிரித்து உள்ளே நுழைந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவரின் முகம் மாறியது தெரிந்தது. காலும் ஒத்துவரவில்லை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நான்கு வாரம் கையில் இருக்கிறது. எதை முதலில் பழகுவது? எங்கே போய்ச் சேர்ந்துகொள்வது? வீடியோ பார்த்துப் பழகினால் போதுமா?

தெசலோனிகி மருமகள்

நிலாமுகில், வெளியூர்ப் பெண் என்று தெரிந்தால் அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வரிசையின் வலது முனையில் இருப்பவர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். ப்ரோத்தோஸ் என்பார்கள், முதல் ஆள். வரிசை வலப்பக்கமாக நகரும், மேலே இருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. புதிதாக வருகிறவர் வால் பக்கம் போய், கடைசி ஆளின் இடது கையைத் தன் வலது கையால் பிடித்துச் சேர வேண்டும். நன்றாகப் பழகியவர்கள் கைவிட்டு இடம் கொடுத்தால் நடுவில் சேரலாம். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நடுவில் மட்டும் போகவே கூடாது.

காரணம் இருக்கிறது. பல ஊர்களில் முதல் ஆள்தான் அந்தப் பாட்டைக் கேட்டு, வாத்தியக்காரர்களுக்குப் பணம் கொடுத்திருப்பார். அந்த ஐந்து நிமிடம் அவருடையது. இரண்டாம் ஆள் ஒரு கைக்குட்டையின் மறுமுனையை இறுக்கிப் பிடித்திருப்பார். முதல் ஆள் குதிக்கவும் குந்தவும் சுழலவும் அந்தப் பிடிதான் ஆதாரம். அங்கே கையைப் பிரித்தால் கிணற்றில் இறங்கியவனின் கயிற்றை விட்டதுபோல. கல்யாணத்தில் இது இன்னும் முக்கியம். மணப்பெண் முதலில் நடத்துவாள், பிறகு மாப்பிள்ளை, பெற்றவர்கள், உறவினர்கள் என்று ஒவ்வொருவராக அவளோடு முன்னால் வருவார்கள்.

இனி அடி. நீங்கள் கேட்ட கலமாத்தியானோஸ், கைகோத்து வரிசையாக ஆடும் ஆட்டம், அதில் தொடங்க வேண்டாம். ஆறு எண்ணிக்கை உள்ள ஹசாப்போசெர்விகோவில் தொடங்குங்கள். வலது கால் வலப்பக்கம், இடது கால் அதன் பின்னால், மறுபடி வலது கால் வலப்பக்கம். இப்போது இடது காலை முன்னால் லேசாகத் தூக்குங்கள். இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்குங்கள். அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து. இந்த ஆறும் உடம்பில் இறங்கிவிட்டால் பெயர் தெரியாத எத்தனையோ ஊர் ஆட்டங்களில் நின்று சமாளிக்கலாம். வட கிரேக்கத்தில் "ஸ்தா த்ரியா" என்று ஆடுவதும் கிட்டத்தட்ட இதே உருதான்.

பாதி நாள் இதை மட்டும் ஆடுங்கள். பாத்திரம் கழுவும்போதுகூட. கலமாத்தியானோஸை நாளை எழுதுகிறேன்.

முரளி கோவை

சிர்தாகி பழகினால் போதாதா? கிரேக்கர்களின் மிகப் பழைய ஆட்டம் அதுதானே. தோளில் கைபோட்டு மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிவது. நான் ஏதென்ஸ் போனபோது உணவகத்தில் ஆடினார்கள், எனக்கே கால் துள்ளியது.

ஏட்டுச்சுவடி

முரளி, கால் துள்ளியது நியாயம்தான், அந்த இசை அப்படி. ஆனால் சிர்தாகிக்கு வயது அறுபது சொச்சம்தான். 1964இல் வந்த ஸோர்பா படத்துக்காக ஜியோர்கோஸ் ப்ரோவியாஸ் அமைத்த ஆட்டம், இசை மிகிஸ் தியோடோராகிஸ். கிரீட் தீவில் ஹானியா பக்கம் ஸ்தாவ்ரோஸ் கடற்கரையில் படமாக்கினார்கள். மெது ஹசாப்பிகோவையும் வேக ஹசாப்பிகோவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது அது. பெயர் மட்டும் பழைய சிர்தோஸிலிருந்து வந்தது, "குட்டி சிர்தோஸ்" என்று பொருள்.

அந்தச் சிர்தோஸ் உண்மையிலேயே பழையது. போயோத்தியாவில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, எபாமினோந்தாஸ் என்ற செல்வர் விழா நடத்தியதைச் சொல்லும்போது "முன்னோர் வழிவந்த சிர்தோஸ் ஆட்டத்தை" நடத்தினார் என்கிறது. சிர்தோஸ் என்றால் இழுப்பது, காலை இழுத்து நடப்பது. அன்று ஆடிய அடிதான் இன்றும் ஆடுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கல்லுக்கு அடி தெரியாது, பெயர்தான் தெரியும். ஆனாலும் ஒரு ஆட்டத்தின் பெயர் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் மக்கள் வாயில் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

கைகோத்து ஆடுவது அதைவிடப் பழையது. ஹோமரின் இலியட் காவியத்தில், 18ஆம் பகுதியில் அக்கிலீஸின் கேடயத்தில் செதுக்கிய காட்சிகளில், இளைஞர்களும் பெண்களும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து ஆடுவது வருகிறது.

அப்புறம் ஹசாப்பிகோ. ஹசாப்பிஸ் என்றால் இறைச்சி வெட்டுகிறவர். துருக்கியில் கசாப், அதற்கு மூலம் அரபு. நம் ஊர்க் கசாப்புக்கடையின் கசாப்பும் அதே அரபுச் சொல்தான். கான்ஸ்டான்டினோப்பிளின் கசாப்புக்காரர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆட்டம் அது.

தெசலோனிகி மருமகள்

கலமாத்தியானோஸ் அடி இதோ. பன்னிரண்டு அடி, மும்மூன்றாக நான்கு கூறு. ஒவ்வொரு கூறிலும் முதல் அடி நீளம், அடுத்த இரண்டும் குட்டை. கைகள் முழங்கையில் மடங்கித் தோள் உயரத்தில் இருக்கும்.

முதல் கூறில் வலது கால் வலப்பக்கம், இடது கால் பின்னால் குறுக்கே, வலது கால் வலப்பக்கம். இரண்டாவதில் இடது கால் முன்னால் குறுக்கே, வலது கால் வலப்பக்கம், மறுபடி இடது கால் முன்னால் குறுக்கே. இதுவரை சும்மா வலப்பக்கம் நடப்பதுதான். மூன்றாவதில் வலது கால் வலப்பக்கம், இடது கால் முன்னால் குறுக்கே, பிறகு எடையை அப்படியே பின்னால் வலது காலுக்குக் கொண்டுவருவது. நான்காவதில் இடது கால் இடப்பக்கம், வலது கால் அதன் பின்னால், இடது கால் இருந்த இடத்தில்.

ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் உண்டு. உங்கள் தோழியின் கிராமத்தில் கடைசி மூன்று அடி வேறு மாதிரி இருந்தால் அவர்கள் ஆடுவதே சரி, நான் எழுதியது இல்லை.

மிருதங்கம் சேகர்

நான் கிரேக்கம் போனதில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு கலமாத்தியானோஸ் பாட்டைப் போட்டுக் கேட்டேன், பத்து விநாடியில் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். இது 7/8. மூன்று, இரண்டு, இரண்டு. நம் மிச்ர சாப்பு!

நிலாமுகில், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணாதீர்கள். எண்ணினால் மூன்று அடியும் ஒரே நீளத்துக்கு வந்துவிடும், ஆட்டம் வால்ட்ஸ் மாதிரி ஆகிவிடும். வாயால் சொல்லுங்கள்: தகிட, தக, திமி. தகிடவின் "த"வில் முதல் அடி, தகவின் "த"வில் இரண்டாவது, திமியின் "தி"யில் மூன்றாவது. முதல் அடி மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு நீளம், இரு மடங்கு இல்லை. அந்த அரை மடங்குக் குறைவில்தான் இந்த ஆட்டத்தின் துள்ளல் இருக்கிறது. சிர்தோஸ் பாட்டும் கேட்டேன், அதில் நாலுக்கு அடங்கிய கணக்கு, முதல் அடி சரியாக இரு மடங்கு. அதனால்தான் அடி ஒன்றாக இருந்தும் சிர்தோஸ் வழுக்கிப் போகிறது, கலமாத்தியானோஸ் துள்ளுகிறது.

தெசலோனிகி மருமகள்

சேகர் அண்ணா, பதினொரு வருடமாக ஆடுகிறேன், இதை இப்படி யோசித்ததே இல்லை. இப்போது சமையலறையில் தகிட தக திமி என்று சொல்லி ஆடிப் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "அது என்ன பாட்டு" என்று கேட்டார்.

உங்களுக்கு இன்னொன்று தருகிறேன். என் மாமியார் வீட்டார் போண்டஸிலிருந்து வந்தவர்கள், கருங்கடலின் தென்கரை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த 1923இன் மக்கள் பரிமாற்றத்தில் அனடோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், கிறித்தவர்கள் லட்சக்கணக்கில் கிரேக்கத்துக்கு வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் மாமியாரின் பாட்டியும் ஒருவர். அவர்கள் ஆட்டத்தில் தீக் என்று ஒன்று உண்டு. அது 5/8. இரண்டு, மூன்று.

மிருதங்கம் சேகர்

தக தகிட. கண்ட சாப்பு! கேட்டேன். கையில் வில்லோடு மடியில் நிறுத்தி வாசிக்கிறார்களே, அந்தச் சின்ன வாத்தியம் என்ன?

தெசலோனிகி மருமகள்

போண்டஸ் லிரா, கெமென்ட்ஸே என்றும் சொல்வார்கள். மூன்று தந்தி. வாசிப்பவர் சில சமயம் வட்டத்தின் நடுவில் நின்று, ஆடுகிறவர்களோடு தானும் சுற்றுவார். தீக் ஆடும்போது முழங்கால் முதல் தோள் வரை ஒரு நடுக்கம் ஓடும். அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. என் மாமியார் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தி ஆடினார், மூன்று குளிர்காலம். அவருடைய நடுக்கம் கைவழியாக எனக்கு வந்தது, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

நிலாமுகில், வீடியோ போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். அடி வீடியோவில் கிடைக்கும். எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பது பக்கத்து ஆளின் கையில்தான் கிடைக்கும்.

யாழ்மைந்தன்

மெல்பர்னில் இருந்து எழுதுகிறேன். இங்கே கிரேக்கர்கள் கனபேர், எங்கள் தெருவிலேயே நாலு வீடு. பக்கத்து வீட்டு ஐயா சொல்லி நானும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முதல் நாளே பென்டோஸாலி ஆடவிட்டார்கள். கிரீட் தீவின் ஆட்டம், துள்ளித் துள்ளி வேகம் கூடிக்கொண்டே போகும். எனக்கு நாற்பத்தாறு வயது. கெண்டைக்கால் பிடித்து மூன்று கிழமை நொண்டினேன். அந்த வகுப்பை விட்டுவிட்டேன்.

பிறகு அந்த ஐயாவே தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சொல்லித் தந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: காலைப் பார்க்காதே. குனிந்தால் முதுகு வளையும், கை இறங்கும், வரிசை முழுக்கத் தொய்யும். உனக்கு முன்னால் மூன்றாவதாக ஆடுகிறவரின் தோளைப் பார். தோள் எங்கே திரும்புகிறதோ கால் அங்கே போகும்.

தங்கச்சி, வீட்டில் தனியாகப் பழகுவதென்றால் ஒரு துவாயைக் கதவுப் பிடியில் தோள் உயரத்துக்குக் கட்டி, அதை வலது கையில் பிடித்து ஆடுங்கோ. துவாய் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. வலப்பக்கம் போகும்போது கதவு தடுக்கும், ஆகவே அடியைச் சின்னதாக வைக்க வேண்டி வரும். அதுதான் வேண்டியது. பழகாதவர்கள் எல்லோருமே அடியைப் பெரிதாக வைத்துத்தான் பக்கத்து ஆளை இழுத்துவிடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி

வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பே வேண்டாம் என்ற எண்ணம் இந்த இழையில் வளர்கிறது, எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த கிரேக்கர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கைபிடித்துச் சொல்லித்தர யாரும் இல்லாமல் போனபோது, இந்த ஆட்டங்களைக் காப்பாற்றியதில் சங்கங்களுக்கும் வகுப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கல்லிரோயி பாரென் 1911இல் தொடங்கிய கிரேக்கப் பெண்கள் மன்றம், லிகியோன் தோன் எல்லினிதோன், இன்றும் ஆட்டம் சொல்லித் தருகிறது. 1953இல் தோரா ஸ்த்ராது தன் குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் ஆட்டம், பாட்டு, உடை எல்லாவற்றையும் சேர்த்தார். ஏதென்ஸில் பிலோபப்பு குன்றின் சரிவில் அவர் பெயரில் இருக்கும் திறந்தவெளி அரங்கில் கோடைகாலம் முழுக்க ஆட்டம் நடக்கும். நிலாமுகில், நீங்கள் இருப்பதே ஏதென்ஸ், ஒரு மாலை போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் உடைகளில் பல, கிராமத்துப் பெண்கள் தங்கள் கையால் நெய்து பூவேலை செய்து உடுத்தியவை.

தெசலோனிகி மருமகள்

ஏட்டுச்சுவடி, அவர்கள் சேர்த்துவைத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் குறை வேறு. பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி வகுப்பு வழியாகக் கலமாத்தியானோஸும் சாமிகோவும் நாடு முழுக்க ஒரே அச்சில் பரவின. என் மாமியார் பள்ளியில் படித்த காலத்தில் போண்டஸ் ஆட்டம் ஆடினால் "அகதி ஆட்டம்" என்று மற்ற பிள்ளைகள் சொல்வார்களாம். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று வளர்ந்தார். அந்த வருத்தம் அவருக்கு இப்போதும் இருக்கிறது. அதனால்தான் "எங்கள் ஊரில் கடைசி மூன்று அடி வேறு" என்று யாராவது சொன்னால் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏட்டுச்சுவடி

புரிகிறது. நீங்கள் சொல்வது சரி. மெகாராவில் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்கள் ஆடும் த்ராத்தா நினைவுக்கு வருகிறது. கைகள் பக்கத்து ஆளைத் தாண்டி அதற்கடுத்த ஆளின் கையைப் பிடித்திருக்கும், கூடை பின்னியதுபோல. அதை வேறு ஊர்க்காரர்கள் மேடையில் ஆடி நானும் பார்த்திருக்கிறேன், அடி ஒன்றும் தப்பவில்லை. மெகாராவில் பார்த்தபோதுதான் பாட்டையும் அந்தப் பெண்களே ஆடிக்கொண்டே பாடுவது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது.

நிலாமுகில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆறு எண்ணிக்கை வந்துவிட்டது. தகிட தக திமி சொல்லிக்கொண்டே கலமாத்தியானோஸும் எட்டாவது அடி வரை தடுமாறாமல் வருகிறது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும்போது கால் சிக்கிக்கொள்கிறது. எந்தக் கால் காலியாக இருக்கிறது என்றே தெரியவில்லை.

இன்னொன்று. தோழியின் அப்பா கல்யாணத்தில் ஸெய்பெகிகோ ஆடுவார் என்கிறாள். அதிலும் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

யாழ்மைந்தன்

எட்டாவது அடியில் இடது காலை முழு எடையோடு ஊன்றிவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். அந்தக் கால் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், வீட்டுப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு மனம் மாறித் திரும்புவதுபோல. எடை முழுக்க ஒன்பதாவதில் வலது காலுக்கு வந்துவிட்டால் இடது கால் தானாகவே காலியாகும்.

தெசலோனிகி மருமகள்

ஸெய்பெகிகோவில் சேராதீர்கள்! அது ஒருவர் மட்டும் ஆடுவது. 9/8, அடி இவ்வளவுதான் என்ற கணக்கே கிடையாது, ஆடுகிறவரின் மனம்தான். மேற்கு அனடோலியாவின் ஸெய்பெக் வீரர்கள் பெயரில் வந்தது, அகதிகளோடு கிரேக்கத்துக்குள் வந்து துறைமுகத்துக் குடியிருப்புகளில் வேர்விட்டது. கைகளை விரித்து, தலையைக் குனிந்து, விழப்போவதுபோல் சாய்ந்து, விழாமல் சுழலுவார்கள். ஆடுகிறவர் தன் துக்கத்தைத் தனியாகச் சுமக்கிற நேரம் அது. குறுக்கே போனால் பெரிய அவமதிப்பு. 1973இல் ஏதென்ஸில் ஒரு இரவு விடுதியில் ஒருவர் கேட்டு வாங்கிய ஸெய்பெகிகோவின்போது மற்றவர்கள் ஆட வந்ததில் தகராறு மூண்டு மூன்று காவலர்கள் கொலையானார்கள்.

கல்யாணத்தில் அப்படி ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம். தோழியின் அப்பா ஆடும்போது வட்டமாக ஒரு முழங்காலிட்டு உட்கார்ந்து கைதட்டுவார்கள். நீங்களும் உட்கார்ந்து கைதட்டுங்கள். முன்பு ஆண்களின் ஆட்டமாக இருந்தது, இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். என் நாத்தனார் தன் அப்பா இறந்த அடுத்த வருடம் ஆடினாள். யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிருதங்கம் சேகர்

ஒன்பதை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரிக்கிறார்கள். தகதிமி தகதகிட. சங்கீர்ணம் அப்படியே. அந்தக் கடைசி மூன்றில்தான் அவர்கள் சாய்வதும் தயங்குவதும் நடக்கிறது என்று படுகிறது, பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முரளி கோவை

ஏட்டுச்சுவடி, சிர்தாகி பற்றிச் சொன்னதற்கு நன்றி. பத்து வருடமாகத் தப்பாக நினைத்திருக்கிறேன். அந்த உணவகத்தில் கிளாரினெட் வாசித்தவரிடம் அவர் ஊர் எது என்று கேட்டபோது எபிருஸ் என்றார். வேறு ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நிலாமுகில்

கல்யாணம் முடிந்து நேற்று இரவுதான் திரும்பினேன். இங்கே எழுதிவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்கப் போகிறேன்.

கோயிலில் பாதிரியார் மணமக்களை மூன்று முறை மேசையைச் சுற்றி அழைத்துப் போனார். பாடலின் முதல் வரியே "ஏசாயாவே, ஆடு" என்பதாம், தோழியின் தம்பி காதில் சொன்னான். ஆட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இரவு ஊர்ச் சதுக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். கிளாரினெட், வயலின், லாவூத்தோ. கலமாத்தா பட்டுக் கைக்குட்டைக்குப் பேர்போன ஊராம், மணப்பெண் கையில் இருந்தது பாட்டி வைத்திருந்த பழைய பட்டு. வால் பக்கம் போய் நின்றேன். கடைசி ஆளாக அங்கே இருந்தவர் அந்தப் பாட்டியேதான்! எண்பத்தொரு வயது. முட்டிவலியால் முன்னால் போக முடியாதென்று வாலில் நின்றிருந்தார். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

தகிடவின் ஒவ்வொரு "த"விலும் அவர் என் கையை லேசாகக் கீழே அழுத்தினார். அடி மிகச் சின்னது, ஒரு சாண் கூட இருக்காது. முதல் சுற்றில் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ஒன்பதாவது அடியில் அவர் கை பின்னால் இழுத்தது, கால் தானாகக் காலியானது. அந்த ஊரில் கடைசி மூன்று அடி உண்மையிலேயே வேறு, அக்கா. வலது கால் பின்னால் போகாமல் பக்கத்தில் வந்து சேர்கிறது.

தோழியின் அப்பா ஸெய்பெகிகோ ஆடியபோது முழங்காலிட்டு உட்கார்ந்து கைதட்டினேன். சேகர் அண்ணா, கடைசி மூன்றில்தான் சாய்ந்தார்.

ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு அந்த ஊரில் பானிகிரி, அதாவது ஊர்த்திருவிழா, விடிய விடிய ஆட்டமாம். அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சாமிகோ பழகிக்கொண்டு வா என்று பாட்டி சொன்னார். எங்கே தொடங்குவது?

தெசலோனிகி மருமகள்

படித்துவிட்டு மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாட்டி வாலில் நின்றது முட்டிவலிக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக" என்கிறார்.

சாமிகோ 3/4. வேகம் இல்லை, கனம் உண்டு. முதல் ஆள்தான் குதிப்பார், சுழல்வார், செருப்பைக் கையால் தட்டுவார். மற்றவர்கள் நிமிர்ந்த முதுகோடு நடந்தால் போதும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டி வரும், அங்கேதான் எல்லோரும் தள்ளாடுவார்கள். ஆகவே இப்போதைக்கு அடி எதுவும் வேண்டாம். பல் தேய்க்கும்போது ஒரு காலில் நின்று பழகுங்கள். பொங்கல் கழித்து இங்கே வந்து எழுதுங்கள், அடியைச் சொல்கிறேன்.